யார் கேட்ட வினா?

இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் இலக்கணமும் அல்ல, இலக்கியமும் அல்ல. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கிறிஸ்தவக் கோட்பாட்டைச் சொல்லித்தரும் 16 பக்கச் சிறுநூல். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் அதைத் தமிழாக்கினார். மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அது வினாவிடையாக அமைந்த நூல். ஆசிரியர் கேட்பார், மாணாக்கர் விடை சொல்வார்.

தமிழ் அச்சு வரலாற்றைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். எழுத்துரு, பக்க எண்ணிக்கை, அச்சிட்ட ஊர், ஆண்டு எல்லாம் சொல்வேன். மாணவிகளும் குறித்துக்கொள்வார்கள். எனக்குள் நெடுநாள் கிடந்த கேள்வி வேறு. வலை பின்னிக்கொண்டும் மீன் விற்றுக்கொண்டும் இருந்த அந்தக் கடற்கரைப் பெண்களை இந்தக் கோட்பாடு எப்படிச் சென்றடைந்தது? மனப்பாடமாகத்தான். எழுத்தறியாதவர்கள் காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நம்பிக்கை அறிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய நாக்குகளில் பெரும்பாதி பெண்களுடையவை என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் வினாவிடை நூலில் விடை மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதில்லை, வினாவும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. மாணாக்கர் தாமாக ஒன்றைக் கேட்க அதில் இடமில்லை.

இறையியல் கல்லூரியில் சபை ஊழியத்துக்கென்று படிப்பவர்கள் கோட்பாடுகளை ஒரு வரிசையில் கற்கிறார்கள்: கடவுள், படைப்பு, மனிதர், பாவம், கிறிஸ்து, மீட்பு, தூய ஆவி, திருச்சபை, இறுதிக்காலம். கற்பது என்றால் ஒவ்வொன்றும் எப்போது, யாருடைய வாதத்தில், எந்தச் சங்கத்தில் உருவானது, எதிர்த்தவர் என்ன சொன்னார் என்று அறிவது. அதாவது, கேள்வி கேட்கப் பழகுவது. பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய அனுமதி எப்போதும் இருந்தது. படிக்க அனுமதி மிகத் தாமதமாக வந்தது. படித்ததைப் பீடத்தில் நின்று சொல்ல அனுமதி இன்னும் பல இடங்களில் வரவில்லை. இந்த மூன்று அனுமதிகளுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நான் சொல்லப்போகும் பெண்கள் வாழ்ந்தார்கள்.

*

தொடக்கத்தில் பெண் கோட்பாட்டுக்கு அந்நியமாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். நான்காம் நூற்றாண்டில் திரித்துவக் கோட்பாட்டுக்கு வடிவம் கொடுத்தவர்களில் பேசிலும் அவர் தம்பி நிஸ்ஸா நகர் கிரகோரியும் முக்கியமானவர்கள். அவர்களுடைய மூத்த சகோதரி மக்ரீனா. 379இல் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது கிரகோரி பார்க்கச் சென்றார். ஆன்மா பற்றியும் உயிர்த்தெழுதல் பற்றியும் நடந்த உரையாடலாக அதைப் பின்னர் நூலாக்கினார். அந்த நூலில் ஐயம் எழுப்புபவர் ஆயரான தம்பி. விடை சொல்லித் தெளிவிப்பவர் அக்கா. கிரகோரி அவரை ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். மக்ரீனா தம் கையால் எழுதிய நூல் ஒன்றும் நம்மிடம் இல்லை. தம்பி எழுதினார், அதனால் அக்கா தெரிகிறார்.

1636இல் நெதர்லாந்தின் உத்ரெக்த் நகரில் பல்கலைக்கழகம் உருவானபோது ஆன்னா மரியா வான் ஸ்குர்மன் என்ற பெண் இறையியல் விரிவுரைகளைக் கேட்க இடம் பெற்றார். ஹீப்ரு, சிரியாக், அரபு என்று மொழி மொழியாகக் கற்றவர். எத்தியோப்பிய மொழிக்கு இலக்கணமே எழுதியவர். அவருக்குத் தரப்பட்ட இடம், ஆண் மாணவர்கள் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்ட ஒரு சிறு அடைப்பு. பெண் கல்வி கற்கலாமா என்ற பொருளில் தர்க்க முறையிலேயே அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுதும் வாசிக்கப்பட்டது. படிக்க அனுமதி கிடைத்தது, பார்க்கப்பட அனுமதி கிடைக்கவில்லை.

இரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி. ஆண்களோடு பெண்களையும் சேர்த்துக்கொண்ட முற்போக்கான கல்லூரி அது. 1847இல் பொதுப் படிப்பை முடித்த ஆன்ட்டனெட் பிரௌன் இறையியல் படிக்க வேண்டும் என்று கேட்டார். கல்லூரி தயங்கியது. வகுப்பில் உட்காரலாம், பட்டம் கிடையாது என்று முடிவாயிற்று. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று பவுல் எழுதியதாக வரும் பகுதிகளை எடுத்துக்கொண்டு அவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அங்கே தடுக்கப்பட்டது ஒழுங்கற்ற பேச்சு, போதனை அன்று என்பது அவர் வாதம். 1849இல் கல்லூரி சார்ந்த ஆய்விதழிலேயே அது அச்சானது. கட்டுரைக்கு இடம் கொடுத்த கல்லூரி 1850இல் படிப்பை முடித்தவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

1853 செப்டம்பர் 15 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத் பட்லர் என்ற சிற்றூர்ச் சபை அவரைப் போதகராக அபிஷேகம் செய்தது. பெண்ணிய வரலாறுகள் பலவும் இந்தத் தேதியோடு நின்றுவிடுகின்றன. அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஓராண்டுக்குள் அவர் அந்தச் சபையை விட்டு விலகினார். பெண் என்பதற்காக அவரை யாரும் வெளியேற்றவில்லை. கோட்பாடுதான் இடறியது. பிறவியிலேயே பாவம் உண்டு, குழந்தைகளும் நித்திய தண்டனைக்கு உரியவர்கள் என்பதைப் பிள்ளை பறிகொடுத்த வீடுகளில் நின்று அவரால் சொல்ல இயலவில்லை. பீடத்தில் ஏறுவதற்காகப் போராடியவர், பீடத்தில் நின்று எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டபோது இறங்கிவிட்டார். பின்னாளில் யூனிட்டேரியன் சபையில் போதகரானார். ஓபர்லின் கல்லூரி 1908இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் தந்தது. அப்போது அவருக்கு வயது 83.

*

நம் நாட்டுக்கு வருவோம். 1883இல் 25 வயது பண்டித ரமாபாய் கைக்குழந்தையோடு இங்கிலாந்து சென்றார். வான்டேஜ் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் இல்லத்தில் தங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் மகள் மனோரமாவோடு திருமுழுக்குப் பெற்றார். பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்தவர், கணவரையும் இழந்தவர். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் சூட்டப்பட்டவர். சாஸ்திரங்களை மூலத்தில் வாசித்து, அவை பெண்ணை எங்கே வைத்தன என்று கண்டவர். அவர் விவிலியத்தையும் அதே கண்ணால்தான் வாசித்தார்.

அங்கே தொடங்கியது சிக்கல். திரித்துவக் கோட்பாட்டை அத்தனேசியஸ் பெயரால் வழங்கும் அறிக்கை சொல்லும் முறையில் ஏற்க அவர் மறுத்தார். வேதத்தில் நான் கண்டதை நம்புகிறேன், பிற்காலத்தார் சேர்த்ததை நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக நம்ப முடியாது என்பதே அவர் நிலை. அவருடைய ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுக்கும், செல்டனம் பெண்கள் கல்லூரித் தலைவி டோரத்தியா பீலுக்கும் அவர் எழுதிய கடிதங்களும் அவர்கள் எழுதிய பதில்களும் பின்னாளில் நூலாக வந்துள்ளன. ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியை இப்போதுதான் கழற்றிப் போட்டேன், இன்னொரு கூட்டத்தின் நுகத்தில் கழுத்தைக் கொடுக்கமாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதியது அந்தக் கடிதங்களில்தான். அவர் ஆண் மாணவர்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாமா என்பதில்கூட இந்தியாவில் இருந்த ஆயர்கள் தலையிட்டார்கள்.

ஜெரால்டின் சொன்ன பதில் என்ன? வாதத்துக்கு எதிர்வாதம் ஓரளவு இருந்தது. அதைவிட அழுத்தமாக வந்தது ஒரு குற்றச்சாட்டு: அகந்தை. கேட்கிறாய், ஆகவே உனக்குப் பணிவில்லை. பணிவில்லை, ஆகவே நீ பாவத்தில் இருக்கிறாய். திரித்துவம் பற்றிய கேள்விக்குப் பாவக் கோட்பாட்டிலிருந்து பதில் வருகிறது. பெண்கள் கோட்பாடு பேசிய இடமெல்லாம் இந்தத் திசைதிருப்பலைக் காணலாம். அவள் சொன்னதை விட்டுவிட்டு அவள் குணத்தை விசாரிப்பார்கள்.

ரமாபாய் பின்னர் பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி இல்லத்தை நடத்தினார். கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஹீப்ரு, கிரேக்க மூலங்களிலிருந்து விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். படிப்பறியாத பெண்ணுக்கும் விளங்கும் சொல் வேண்டும் என்பது அவர் நோக்கம். அச்சுக் கோத்தவர்களும் அந்த இல்லத்துப் பெண்களே. 1922இல் பணியை முடித்த கையோடு இறந்தார். குருப்பட்டம் எதுவும் அவருக்கு இல்லை.

*

ஜெரால்டினின் குற்றச்சாட்டுக்குச் சரியான பதில் 1960இல்தான் எழுதப்பட்டது என்பேன். வலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் சிகாகோவிலிருந்து வந்த சமய ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அக்காலத்தின் பெரும் இறையியலாளர்கள், குறிப்பாக ரெய்ன்ஹோல்ட் நீபுர், மனிதரின் அடிப்படைப் பாவம் அகந்தை என்றார்கள். தன்னையே மையமாக்கிக்கொள்வது, பிறர்மேல் அதிகாரம் செலுத்துவது. இதற்கு மருந்து தன்னைக் கொடுத்துவிடும் அன்பு. சேவிங் கேட்டது எளிய கேள்வி. இது எந்த மனிதரின் அனுபவம்? அதிகாரம் கையில் உள்ள ஆணுக்கு இந்த நோயும் மருந்தும் பொருந்தலாம். தனக்கென்று ஒரு தன்மையே உருவாகாதபடி வளர்க்கப்பட்டு, பிறருக்காகத் தன்னைக் கரைத்துக் கரைத்துக் காணாமல்போகும் பெண்ணிடம் 'இன்னும் உன்னைக் கொடு' என்றால் நோயையே மருந்தென்று கொடுப்பதாகும். பெண்ணின் சோதனை தன்னை இழப்பதில் இருக்கிறது.

எங்கள் துறையில் முதுகலை முடித்துவிட்டு இறையியல் கல்லூரியில் பி.டி. படிக்கச் சென்ற ஒரு மாணவி இருக்கிறாள். தென்பகுதிக்காரி. அவள் சார்ந்த சபையில் பெண்ணுக்குக் குருப்பட்டம் கிடையாது. விடுமுறையில் வந்தவள் குறிப்பேட்டைக் காட்டிக் கேட்டாள்:

"அம்மா, பாவம்னா அகந்தைன்னு எழுதணும். எழுதிட்டேன். எங்கம்மா காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் பீடி சுத்துறாங்க. நல்ல சேலையை எனக்குக் கொடுத்திட்டுப் பழசைக் கட்டுறாங்க. அவங்க எந்த அகந்தைக்கு மன்னிப்புக் கேட்கணும்?"

சேவிங் பெயர் அவளுக்கு அதுவரை தெரியாது. பீடிக் கட்டு அவளை அதே இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. நான் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். தேர்வில் இரண்டையும் எழுது என்றேன். "நீபுர் சொன்னதையும் எழுது, உங்கம்மா வாழ்க்கை சொல்றதையும் எழுது. ரெண்டாவதுக்கும் மார்க் உண்டு, எழுதிப் பார்." எழுதினாள். மதிப்பெண்ணும் கிடைத்தது.

*

பெண்ணைப் பீடத்திலிருந்து விலக்கக் காட்டப்படும் காரணங்களில் பலமானது கிறிஸ்தியல். கிறிஸ்து ஆண், குரு கிறிஸ்துவின் சாயலாக நிற்கிறார், ஆகவே குரு ஆணாக இருக்க வேண்டும். 1976இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இந்த வாதத்தை விரிவாகச் சொன்னது. அதில் இடப்பட்ட தேதி அக்டோபர் 15. அவிலா தெரசாவின் திருநாள். அதே தெரசாவைத்தான் 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்கள். கோட்பாட்டைக் கற்பிக்கும் ஆசான் என்று பொருள். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். சில நாட்களில் சியன்னா கத்தரீனாவும் சேர்க்கப்பட்டார். அகில உலகத் திருச்சபைக்கே ஆசானாக இருக்கலாம், ஒரு கிராமத்துக் கோயிலில் திருப்பலி நிறைவேற்ற முடியாது.

கோட்பாட்டு வரலாற்றைப் படித்த பெண்ணுக்கு இங்கே ஒரு பிடி கிடைக்கும். 325இல் நிசேயாவில் எழுதப்பட்ட நம்பிக்கை அறிக்கை, வார்த்தை மனிதரானார் என்கிறது. கிரேக்கத்தில் ஆணைக் குறிக்க 'அனேர்' என்ற சொல் இருந்தும், மனிதரைக் குறிக்கும் 'ஆந்த்ரோபோஸ்' என்பதன் அடியாகப் பிறந்த வினையையே அங்கே ஆண்டார்கள். அதே நூற்றாண்டில் நாசியான்ஸ் நகர் கிரகோரி ஒரு வாதம் வைத்தார். மனித இயல்பில் கிறிஸ்து ஏற்காமல் விட்ட பகுதி எதுவோ அது குணமாகாமலே போகும் என்பது அதன் சாரம். கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்றவர்களை மறுக்க அவர் அதைச் சொன்னார். 1600 ஆண்டுகளுக்குப் பின் பெண்ணிய இறையியலாளர்கள் அதையே கையில் எடுத்தார்கள். கிறிஸ்து ஏற்றது ஆண் தன்மையைத்தான் என்றால் பெண்ணின் மீட்பு என்னவாகும்? ஏற்றது மனித இயல்பை என்றால் பெண் ஏன் அவர் சாயலாக நிற்க முடியாது? ரோஸ்மேரி ராட்ஃபோர்ட் ரூதர் 1983இல் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வி மையமானது. இரண்டு பக்கமும் திறக்காத கதவு ஒன்றை மரபின் சொந்தச் சாவியாலேயே அவர்கள் திறந்து பார்த்தார்கள்.

*

கடவுளுக்குப் பால் உண்டா? இறையியலாளர்கள் இல்லை என்பார்கள். மொழி அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இங்கே தமிழ் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

ஆவியைக் குறிக்கும் ஹீப்ருச் சொல் 'ரூவாஹ்' பெரும்பாலும் பெண்பால். சிரியாக்கில் 'ரூஹா' பெண்பால். நான்காம் நூற்றாண்டு வரை சிரியாக் எழுத்தாளர்கள் தூய ஆவியைப் பெண்பாலாகவே பேசினார்கள், தாயென்றும் சொன்னார்கள். அதன்பின் சொல்லின் இலக்கணத்தையே மீறி ஆண்பாலுக்கு மாற்றினார்கள். கிரேக்க 'நியூமா' இரண்டுமற்ற பால். லத்தீன் 'ஸ்பிரிட்டுஸ்' ஆண்பால். தமிழுக்கு வந்தபோது 'ஆவி' அஃறிணை. அதை உயர்திணையாக்க 'ஆவியானவர்' என்றார்கள். '-அவர்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

கடவுளுக்கான சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. மூன்றுமே '-அன்' விகுதி பெற்ற ஆண்பாற் பெயர்கள். ஆனால் வாக்கியம் முடியும்போது வினை '-ஆர்' என்று முடிகிறது. எழுவாய் ஆண்பால், பயனிலை பலர்பால். ஒருவரைப் பன்மையால் சொல்வதை உயர்வு கருதிய வழக்கென்று தொல்காப்பியம் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறது. இந்த மரியாதைப் பன்மையால், தமிழ் விவிலியத்தில் கடவுளின் செயல்கள் பெரும்பாலும் பால் காட்டாத வினைகளாகவே வருகின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்ற பால் விகுதியற்ற சொல்லை எடுத்தது. படைப்புக் கதையில் பழைய 'மனுஷன்' இருந்த இடத்தில் 'மானிடர்' என்றது. ஆங்கிலத்தில் 'ஹி' என்ற ஒரு சொல்லோடு பெண்ணியவாதிகள் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகிறார்கள். நம் இலக்கணம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது. மூன்றாம் சொல்லிலேயே ஆண் உருவத்தை நிரப்பிக்கொள்வது நம் பழக்கம்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். ஆண் மிஷனரிகள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வேதம் சொன்னார்கள். அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே மிஞ்சினார்கள். அடுக்களைத் திண்ணையில் ஒரு விதவை, 'என் பிள்ளை ஏன் செத்தது' என்று கேட்டபோது பதில் சொன்னவர்கள் அவர்கள்தான். கோட்பாட்டின் மிகக் கடினமான பகுதியை, படிப்பும் பட்டமும் இல்லாமல், மிகக் குறைந்த கூலிக்குச் சுமந்தவர்கள்.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் தொடங்கியது. 2013இல் புஷ்பா லலிதா அதன் முதல் பெண் பேராயரானார். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் இறையியலைத் தமிழிலேயே படிக்க வழி பிறந்தது. ஆயினும் பட்டம் பெற்று வரும் பெண்களை மகளிர் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, விடுதிப் பொறுப்பு என்று ஒதுக்கும் சபைகள் இன்றும் உண்டு. பெண்ணிய இறையியல் விருப்பப் பாடமாக ஓரத்தில் இருக்கும். முதன்மைத் தாள் அப்படியே இருக்கும்.

நான் சபைக்கு வெளியே இருப்பவள். எனக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு சமூகத்தில் மூலக் கோட்பாடுகளை விளக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது சபைக்கு உள்ளே மட்டும் எழும் கேள்வியா? கருவறையிலும் மசூதியிலும் நீதிமன்றத்திலும் தமிழ்த்துறையின் உரையாசிரியர் வரிசையிலும் இதே கேள்வி இருக்கிறது. இளம்பூரணர் தொடங்கி நாம் பாடம் நடத்தும் பழைய உரையாசிரியர்களில் ஒரு பெண்ணும் இல்லை என்பதை மாணவிகளிடம் சொல்லிவிட்டுத்தான் உரையைத் திறக்கிறேன்.

அதனால் இறையியல் படிக்கப்போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஓரத் தாளோடு நிற்காதீர்கள். நிசேயாவையும் கல்சதோனையும் அகுஸ்தீனையும் முழுதாகப் படியுங்கள். பெண் தனித்து நின்றால் கடவுளின் சாயல் அல்லள், கணவனோடு சேர்ந்தே சாயல் என்று அகுஸ்தீன் எழுதியதையும் படியுங்கள். மனம் என்ற அளவில் பெண்ணுக்கும் அந்தச் சாயல் உண்டு என்று அவரே சேர்த்ததையும் படியுங்கள். முதலாவதை உங்களுக்கு எதிராகச் சொல்ல ஆள் இருப்பார்கள். இரண்டாவதை எடுத்துச் சொல்ல நீங்கள்தான் இருக்க வேண்டும்.

என் மாணவி இப்போது இறுதியாண்டில் இருக்கிறாள். ஆய்வேட்டுக்குப் பாவக் கோட்பாட்டை எடுத்திருக்கிறாள். பீடி சுற்றும் பெண்களிடம் அவள் கொண்டுபோகும் கேள்வித்தாளில் முதல் வினா இது: 'நீங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள்?' இரண்டாவது: 'உங்களிடம் யார் கேட்க வேண்டும்?' அவள் சபை அவளை என்ன செய்யப் போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. வினாக்கள் மட்டும் அவளுடையவை.